‘பிள்ளையள் பாத்துக்கொள்ளுவினம்’ என்பது ஏற்பாடு ஆகாது

மரண சாசனம் எழுதுவது கொழும்பில் மாடிக் கட்டடமும் யாழ்ப்பாணத்தில் கடைத்தொகுதியும் வைத்திருப்பவர்களின் வேலை. கொஞ்ச வயலும் ஒரு துண்டு மேட்டுக்காணியும் வைத்திருக்கும் கமக்காரக் குடும்பத்துக்கு அது தேவையில்லை. உருத்திரபுரத்தின் எட்டாம் வாய்க்காலிலும் பத்தாம் வாய்க்காலிலும், ஏன், கிளிநொச்சி மாவட்டத்தின் குடியேற்றக் கிராமங்கள் பலவற்றிலும் இந்த எண்ணமே வேரூன்றி நிற்கிறது. “நாங்கள் கண்ணை மூடினாப் பிறகு பிள்ளையள் பாத்துக்கொள்ளுவினம்” என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த எண்ணத்தை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. 1996இல் ஒருமுறை, 2008இன் கடைசியில் இன்னொருமுறை என்று வீடுவாசலை விட்டு ஓடிய குடும்பங்கள் ஒருவரை ஒருவர் நம்பித்தான் உயிர் பிழைத்தன. அந்த நம்பிக்கையைக் கடதாசியில் எழுதச் சொல்வது அவர்களுக்கு அவமதிப்பாகப் படுகிறது. பங்கைத் தீர்மானிக்கத் தேசவழமை இருக்கிறது என்ற ஆறுதல் உண்டு. காணியில் பெரும்பகுதி அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்தது, அதில் எங்களுக்கு என்ன அதிகாரம் என்ற நினைப்பும் உண்டு. மகளின் கலியாணத்தோடு சீதன உறுதி, கடைசி மகனுக்கு நன்கொடை உறுதி என்று உயிரோடிருக்கும்போதே கொடுத்து முடிக்கும் வழக்கம் இருக்கிறது. சாவைப் பற்றி முன்கூட்டிக் கதைக்கக் கூச்சம். சாசனம் எழுதினால் பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு வரும் என்ற பயம்.

இத்தனை காரணங்கள் இருந்தும் அந்த எண்ணம் பிழையானது. எழுதாமல் விடுகிறவர் முடிவைப் பிள்ளைகளிடம் விடுகிறார் என்பதே அதன் அடித்தளம். உண்மையில் அவர் முடிவை 1911இலும் 1935இலும் இயற்றப்பட்ட சட்டங்களிடம் விட்டுப் போகிறார். அவருடைய குடும்பத்தில் யார் என்ன செய்தார், யாருக்கு என்ன தேவை என்பது அந்தச் சட்டங்களுக்குத் தெரியாது. அதன் இழப்பைப் பெரும்பாலும் இரண்டு பேர் சுமக்கிறார்கள்: கணவனை இழந்த மனைவி, ஊரில் தங்கி நின்று வயலைப் பார்த்த பிள்ளை. மேலே சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

1. பெர்மிட் காணியைப் பிள்ளைகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள் என்பது

சட்டம் பிரிக்க விடாத ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுச்செல்வதில் என்ன பயன்? இரணைமடுவின் வாய்க்கால்களை நம்பி உருவான குடியேற்றக் காணிகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அப்போது விவசாய, காணி அமைச்சராக இருந்த டி. எஸ். சேனநாயக்க முன்னின்று கொண்டுவந்த சட்டம் அது. அரசாங்கம் கொடுக்கும் காணி தலைமுறைக்குத் தலைமுறை துண்டுபட்டுப் போகக்கூடாது என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. பெர்மிட்காரரோ அளிப்புப் பத்திரம் பெற்றவரோ இறந்தால் காணி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக இறங்காது. வாழ்க்கைத் துணைக்கும், அவருக்குப் பிறகு பின்னுரித்தாளர் என்று நியமிக்கப்பட்டவருக்கும் போகும். நியமனம் இல்லாவிட்டால், வாழ்க்கைத் துணைக்குப் பிறகு யார் என்பதைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்லும். இந்தக் காணிகளுக்குத் தேசவழமை உட்பட வேறு எந்த வாரிசுச் சட்டமும் பொருந்தாது என்று அதே சட்டத்தின் 170ஆம் பிரிவு கதவை அடைத்துவிடுகிறது.

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஐந்து பிள்ளைகள். மூத்தவர் இடம்பெயர்வுக்கு முன்பே கனடா போய்விட்டார். இரண்டு மகள்மார் கலியாணம் செய்து வவுனியாவிலும் புதுக்குடியிருப்பிலும் இருக்கிறார்கள். நாலாவது பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. கடைக்குட்டி உருத்திரபுரத்திலேயே நின்று, தண்ணீர் முறைக்கு இரவில் வாய்க்காலடியில் காவல் இருந்து, சிறுபோகப் பங்குக்காகக் கமக்காரர் அமைப்பின் கூட்டங்களுக்குப் போய், தாயையும் தகப்பனையும் கடைசிவரை பார்த்தார். தாய் முதலில் இறக்கிறார், பிறகு தகப்பன். பின்னுரித்தாளர் நியமனம் இல்லை. பல தசாப்தங்களாக அட்டவணையின் ஒழுங்கு மகன்மார் மகள்மாருக்கு முன், மூத்தவர் இளையவருக்கு முன் என்பதாக இருந்தது. ஆண், பெண் வேறுபாட்டை 2022ஆம் ஆண்டின் திருத்தம் எடுத்துவிட்டது. அது வரவேற்கவேண்டிய மாற்றம். ஆனால் வயலைப் பார்த்தவர் யார், பெற்றவரைப் பார்த்தவர் யார் என்று அந்த அட்டவணை இன்றைக்கும் கேட்பதில்லை. கடைக்குட்டி அண்ணன் அக்காமாரின் தயவில் நிற்கவேண்டி வரும்.

அரசாங்கக் காணி என்பதால் எங்களுக்கு அதிகாரம் இல்லை என்ற நினைப்பும் இதே இடத்தில் உடைகிறது. பின்னுரித்தாளரைத் தெரிவு செய்யும் அதிகாரத்தைச் சட்டமே காணிக்காரருக்குக் கொடுத்திருக்கிறது. வாழ்க்கைத் துணையையோ அட்டவணையில் உள்ள உறவினர் ஒருவரையோ அவர் நியமிக்கலாம். மனம் மாறினால் அதை நீக்கி வேறொருவரை நியமிக்கலாம். நியமனப் பத்திரம் உரிய படிவத்தில் மூன்று பிரதிகளாக எழுதப்பட்டு, காணிக்காரர் உயிரோடிருக்கும்போதே காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்கவேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. கையெழுத்து வைத்துவிட்டு, பதியாமல் அலுமாரியில் வைத்த நியமனப் பத்திரம் அவர் இறந்த அன்றே பயனற்றதாகிவிடும்.

2. ‘எப்படியும் மனிசிக்குத்தானே போகும்’ என்பது

போகும், ஆனால் எந்த நிபந்தனையோடு? அளிப்புப் பத்திரம் பெற்ற காணிக்காரர் இறந்தால் அவருடைய மனைவிக்குக் காணி இறங்குவது உண்மை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 48ஆ பிரிவு அந்த உரிமைக்கு மூன்று தளைகளைப் போட்டிருக்கிறது. அந்தக் காணியை அவர் விற்கவோ கைமாற்றவோ முடியாது. தனக்குப் பிறகு யார் என்று பின்னுரித்தாளரை நியமிக்க முடியாது. மறுமணம் செய்தால் காணி அவர் கையைவிட்டுப் போய்விடும்.

வன்னியில் இது எவ்வளவு பேரின் வாழ்க்கை என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. போரில் கணவனை இழந்து, முப்பது வயதிலோ நாற்பது வயதிலோ குடும்பத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்ற பெண்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். அப்படி ஒரு பெண் அந்த வயலில் நெல் விதைக்கலாம், கடன்பட்டு உரம் வாங்கலாம், பிள்ளைகளைப் படிப்பிக்கலாம். அந்தக் காணி எந்தப் பிள்ளைக்கு என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

இந்தத் தளைகளை அவிழ்க்கும் வழியும் அதே பிரிவிலேயே இருக்கிறது. கணவன் தன் மனைவியையே பின்னுரித்தாளராக நியமித்திருந்தால் அந்த மூன்று நிபந்தனைகளும் அவருக்குப் பொருந்தாது. மூன்று பிரதிகளில் ஒரு படிவம், ஒரு பதிவு. அதைச் செய்த கணவனின் மனைவிக்கும் செய்யாத கணவனின் மனைவிக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரு முழு ஆயுட்காலம் நீளும். ‘மனிசிக்குத்தானே போகும்’ என்று சொல்லிவிட்டு அந்தப் படிவத்தை நிரப்பாமல் விடுவது மனைவி மீதுள்ள அக்கறையாகாது.

3. தேசவழமை பார்த்துக்கொள்ளும் என்பது

தேசவழமை யாரை, எதில், எவ்வளவுக்குப் பாதுகாக்கிறது என்று கேட்டால் இதைச் சொல்பவர்களில் பலர் தடுமாறுவார்கள். 1707இல் ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த வழக்கச் சட்டம் அது. இன்று வாரிசுரிமையைப் பெரும்பாலும் ஆள்வது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் தாம்பத்திய உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் அதற்கு 1947இல் வந்த திருத்தமும். அதன்படி கணவன் சாசனம் எழுதாமல் இறந்தால், அவருடைய தேடியதேட்டத்தில், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்தில், பாதி மனைவிக்கும் மற்றப் பாதி அவருடைய வாரிசுகளுக்கும் போகும். பரம்பரையாக வந்த அவருடைய முதுசத்தில், பிள்ளைகள் இருக்கும்போது, மனைவிக்குப் பங்கில்லை.

உருத்திரபுரத்துக் குடும்பங்கள் பலவற்றின் வேர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுப்பகுதியிலும் இருக்கிறது. கணவனுக்குத் தகப்பன்வழி வந்த தோட்டக்காணி ஒன்று அங்கே இருந்தால், அது முழுவதும் பிள்ளைகளுக்கு. பரந்தனில் கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கிய உறுதிக்காணி ஒன்று இருந்தால், அதில் பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் வயது வராதவர்களாக இருந்தால், அவர்களுடைய பங்கைத் தாய் அவசரத்துக்கு விற்கவோ ஈடு வைக்கவோ நீதிமன்ற அனுமதி தேவைப்படும். பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் செய்துவிட்டால், தான் குடியிருக்கும் வீட்டின் பாதிக்குத் தாய் மருமகன்மாரின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: இந்தக் குடும்பத்துக்குத் தேசவழமை பொருந்துமா? வட மாகாணத்தின் நிரந்தர வாசிகளான தமிழருக்குத்தான் அது உரியது. 1958இலும் 1977இலும் தெற்கிலும் மலையகத்திலும் நடந்த வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் ஏராளம். அவர்களில் ஒருவருக்குப் பொருந்துவது தேசவழமையா, அல்லது இறந்தவரின் சொத்தில் பாதியை வாழ்க்கைத் துணைக்குக் கொடுக்கும் 1876ஆம் ஆண்டின் பொதுச் சட்டமா என்பதை அவரவர் வாழ்க்கை வரலாற்றை வைத்து நீதிமன்றம்தான் சொல்லவேண்டும். யார் வட மாகாண வாசி என்ற இந்தக் கேள்வியை நீதிமன்றங்கள் நூறு வருடத்துக்கு மேலாக விசாரித்துக்கொண்டிருக்கின்றன. ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வீடுகளில் இருக்கும் இரண்டு விதவைகளுக்கு இரண்டு சட்டம் பொருந்தலாம். சாசனம் எழுதப்பட்டிருந்தால், யாருக்கு எவ்வளவு என்பதை எழுதியவரே சொல்லியிருப்பார்; இந்தக் கேள்விக்காக ஒரு குடும்பம் வழக்குப் பேசவேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

இன்னொன்றும் உண்டு, இதைப் பெண்கள் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை, தன் சீதனக் காணியைக்கூட, உயிரோடிருக்கும்போது விற்கவோ நன்கொடை செய்யவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சம்மதம் கிடைக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். ஆனால் மரண சாசனத்தால் அதே காணியைக் கொடுக்க அவருக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அவருடைய அசையாச் சொத்தில் அவர் ஒருவராகவே முடிவெடுக்கச் சட்டம் விட்டுவைத்த கருவி இது. ‘எங்களுக்கு எதுக்குச் சாசனம்’ என்ற பேச்சு அந்தக் கருவியைத்தான் அவர் கையில் எட்டவிடாமல் வைத்திருக்கிறது.

4. உயிரோடிருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்பது

கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியுமா? நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்த அன்றே காணி பிள்ளைக்குச் சொந்தமாகிவிடுகிறது. சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதினால் பெற்றவர் சாகும்வரை குடியிருக்கலாம் என்பது உண்மை. அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வசனத்தைச் சேர்க்காமல், மகன்தானே என்ற நம்பிக்கையில் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டின் பின்பக்கத்து அறைக்கு ஒதுக்கப்பட்ட தாய் தகப்பன்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மீளப்பெற முடியாததாக எழுதிய நன்கொடையைப் பிள்ளையின் கடும் நன்றிகேட்டைக் காட்டி நீக்க வழியுண்டு. ஆனால் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நன்றிகேட்டை நிரூபித்தாகவேண்டும். எழுபது வயதில் பெற்ற மகனை எதிர்த்துச் சாட்சிக்கூண்டில் ஏறும் தாயை எத்தனை பேர் கண்டிருக்கிறார்கள்?

இந்தியாவில் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயம் மூலம் திரும்பப் பெற இடமளிக்கிறது. பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்பது அங்கேயும் சட்டம் தலையிடவேண்டிய அளவுக்குப் பெருகியது என்பதற்கு அந்தப் பிரிவே சாட்சி.

பிள்ளை நல்லவராகவே இருந்தாலும் ஆபத்து தீராது. எழுதிக் கொடுத்த பிறகு அந்தப் பிள்ளை பெற்றவருக்கு முன்னால் இறந்தால் காணி பிள்ளையின் வாரிசுகளுக்கு இறங்கும். மருமகனோ மருமகளோ மறுமணம் செய்து வேறு ஊருக்குப் போகலாம். பேரப்பிள்ளை வயது வராதவராக இருக்கலாம். பிள்ளையின் கடனுக்கு அந்தக் காணி ஈடாகப் போயிருக்கலாம். மரண சாசனத்துக்கு இந்த ஆபத்துகள் இல்லை. எழுதியவர் இறக்கும்வரை அது யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. இன்றைக்கு எழுதியதை நாளைக்கு மாற்றலாம், கிழித்தெறிந்து புதிதாக எழுதலாம்.

5. வெளிநாட்டுப் பிள்ளைகள் காணிக்கு வரமாட்டார்கள் என்பது

வரமாட்டார்கள், சிக்கலே அதுதான். “அவையள் ஏன் இதுக்கு வரப்போகினம்” என்று தகப்பன் சொல்லும்போது அதில் பெருமையும் இருக்கும், நியாயமும் இருக்கும். ஸ்காபரோவில் வீட்டுக்கடன் கட்டும் மகனுக்குப் பத்தாம் வாய்க்கால் வயல் தேவைப்படாது. ஆனால் தேவையில்லை என்று மனத்தில் நினைப்பது உரிமையை அழிப்பதில்லை. சாசனம் இல்லாத உறுதிக்காணியில் அவருக்குப் பிரிக்கப்படாத பங்கு இருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்திருந்தாலும் நெருங்கிய உறவினர் என்ற வகையில் பெற்றவரின் காணி அவருக்கு இறங்குவதை 2014ஆம் ஆண்டின் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கவில்லை. ஊரிலிருக்கும் தம்பி அந்தக் காணியை வங்கியில் ஈடு வைக்கவேண்டுமானால் லண்டனில் இருந்தும் பாரிசில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் அற்றோணித் தத்துவம் வரவேண்டும். அண்ணன் இறந்துவிட்டால் தமிழே வாசிக்கத் தெரியாத பெறாமக்களின் கையெழுத்து வேண்டும். ஒருவர் மறுத்தால் மிஞ்சுவது பாகப்பிரிவினை வழக்கு. இலங்கையில் அந்த வழக்குகள் எவ்வளவு காலம் இழுபடும் என்பதை நீதிமன்ற வாசலில் நின்றவர்களிடம் கேட்டால் போதும்.

பெர்மிட் காணியில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. நியமிக்கப்பட்ட பின்னுரித்தாளர், காணிக்காரர் இறந்து ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்கவேண்டும். இல்லாவிட்டால் அவருடைய உரிமை தவறிவிடும். எப்போதோ ஒரு காலத்தில் மூத்த மகனைப் பின்னுரித்தாளராகப் பதிந்துவிட்டு, அவர் வெளிநாடு போனபிறகும் மாற்றாமல் விட்ட குடும்பங்கள் இதைக் கவனிக்கவேண்டும். பழைய நியமனமும் நியமனம் இல்லாத நிலையளவுக்கே ஆபத்தானது.

6. சாவைப் பற்றி இப்போது என்ன அவசரம் என்பது

இந்தக் கேள்வியை வேறு ஊரார் கேட்கலாம். வன்னியில் இதைக் கேட்பது எப்படி? சாவு வயது பார்த்து வரவில்லை, வரிசையில் வரவில்லை, சில வீடுகளில் ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. 2009இல் முள்ளிவாய்க்கால்வரை போனவர்களின் கையில் கடைசிவரை இருந்த பொதிகளில் பொலித்தீன் பையில் சுற்றிய பெர்மிட்டும் பிறப்புப் பத்திரமும் இருந்தன. கடதாசியின் பெறுமதியை அவ்வளவு அறிந்த மக்கள், அந்தக் கடதாசியில் அடுத்த பெயர் யாருடையது என்பதை மட்டும் எழுதாமல் விட்டார்கள்.

காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இதன் மிகக் கொடிய விளைவை இன்றும் சுமக்கின்றன. பெர்மிட் கணவனின் பெயரில்; கணவன் எங்கே என்று தெரியாது. 2010ஆம் ஆண்டின் சட்டம் காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி திறந்தது. பல தாய்மாரும் மனைவிமாரும் அதை வாங்க மறுத்தார்கள். பிள்ளை செத்துவிட்டான் என்று தாங்களே எழுதிக்கொடுக்க அவர்கள் தயாரில்லை. 2016இன் திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. ஆனால் அது மரணத்தைச் சொல்லும் பத்திரமல்ல. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய தாய்மாரின் போராட்டம் நீதிக்கானது. அந்த நீதியைக் கொடுக்கவேண்டியது அரசு. அதற்குச் சாசனம் மாற்றாகாது. ஆனால் அந்தப் பந்தலில் இருந்த பெண்களில் காணி இன்னமும் மகனின் பெயரில் கிடப்பவர்களின் நிலையைப் பார்த்த பிறகும், ‘பிறகு பாப்பம்’ என்று சொல்ல ஒரு குடும்பத்தலைவருக்கு என்ன நியாயம் இருக்கிறது?

போர்க்காலத்தில் பதிவு செய்யாமல் நடந்த கலியாணங்களையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். கோயிலில் தாலி கட்டிய பல குடும்பங்கள் பதிவாளரிடம் போகவே இல்லை. வேறு சிலரின் பதிவுகள் அழிந்துபோயின. கலியாணத்தை நிரூபிக்க முடியாவிட்டால் மனைவியின் உரிமையும், தகப்பனின் சொத்தில் பிள்ளைகளின் உரிமையும் கேள்விக்குள்ளாகும். பெயர் சொல்லி எழுதிய சாசனம் ஒன்று இருந்தால் அந்த நிரூபணத்தின் பாரம் பெருமளவு குறையும்.

7. சாசனம்தான் சண்டையைக் கொண்டுவரும் என்பது

மறுதரப்பின் மிக வலுவான வாதம் இது. இதில் உண்மையும் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரின் பெருவிரலைப் பிடித்து அடையாளம் வைத்த சாசனங்கள் உண்டு. ஒரு பிள்ளைக்கு எல்லாவற்றையும் எழுதி மற்றவர்களை வெளியே தள்ளிய சாசனங்களும் உண்டு. இலங்கைச் சட்டம் எழுதுபவருக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுக்கிறது.

ஆனால் இந்தச் சாசனங்களில் பிழை எங்கே நடந்தது? கடைசி நேரத்தில், மறைவில், ஒரு பிள்ளையின் பிடியில் எழுதியதால் நடந்தது. தெளிந்த புத்தியோடு, நடமாடும் காலத்தில், மற்றப் பிள்ளைகளும் அறிய எழுதிய சாசனத்தை எதிர்த்து வழக்காடுவது எளிதல்ல. மூத்தவளுக்குச் சீதனமாக இன்னது கொடுத்தாயிற்று, தம்பியின் வெளிநாட்டுப் பயணத்துக்கு இன்ன காணியை விற்றாயிற்று, ஆகவே வயல் கடைக்குட்டிக்கு என்று காரணத்தோடு தகப்பன் எழுதி வைத்தால் பிள்ளைகளுக்கு வருத்தம் வரலாம், சந்தேகம் வராது. அந்தக் கணக்கைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. அவர் சொல்லாமல் போனால், சீதனம் வாங்கினவளுக்கு இன்னும் பங்குண்டா, வெளிநாட்டுக்குச் செலவழித்தது கணக்கில் வருமா என்று அந்திரட்டிச் செலவுக் கணக்கோடு சேர்த்தே வாக்குவாதம் தொடங்கும். சண்டைக்குப் பயந்து எழுதாமல் விடுகிறவர், தான் இருந்து தீர்க்கக்கூடிய சண்டையைத் தான் இல்லாத நாளுக்குத் தள்ளிவைக்கிறார்.

செலவு அதிகம் என்ற முறைப்பாடும் நிற்காது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்து வைப்பது. மற்றது, நொத்தாரிசு இல்லாமல், ஒரே நேரத்தில் கூடி நிற்கும் ஐந்து சாட்சிகளின் முன்னிலையில் கையெழுத்து வைப்பது. நொத்தாரிசிடம் போவதே பாதுகாப்பானது. ஆனால் பணமில்லை என்பதற்காகச் சட்டம் எவரையும் கைவிடவில்லை. சாசனத்தில் பங்கு பெறுபவரைச் சாட்சியாக நிறுத்தாமல், அயலில் உள்ள பொது மனிதர்களை அழைப்பது புத்திசாலித்தனம்.

இனிச் செய்யவேண்டியது என்ன?

பெர்மிட் காணியும் உறுதிக்காணியும் வெவ்வேறு சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு வேண்டும். முன்னதற்குப் பதிவு செய்த பின்னுரித்தாளர் நியமனம். பின்னதற்கு மரண சாசனம். 2024இல் தொடங்கிய ‘உறுமய’ திட்டம் பெர்மிட்காரர்களுக்கு முழு உரிமை கொடுப்பதாக அறிவித்தது. அப்படி உறுதி பெற்ற குடும்பங்கள் தங்கள் காணிக்கு இப்போது எந்தச் சட்டம் பொருந்துகிறது என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு, அதற்கேற்ப எழுதவேண்டும். முழு உரிமை கிடைத்தது என்ற மகிழ்ச்சியில் எழுதாமல் விட்டால் அந்த உரிமை அடுத்த தலைமுறையில் துண்டு துண்டாகும்.

காணியோடு வேலை முடிவதில்லை. வங்கிக் கணக்கில் யாருடைய பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது, உழவு இயந்திரத்தின் லீசிங் எவ்வளவு மிச்சம், எந்த நகை எந்த வங்கியில் அடைவில் இருக்கிறது, அடைவுச் சிட்டை எங்கே, யாரிடம் கைமாற்றாக வாங்கியது, யாருக்குக் கொடுத்தது என்பதெல்லாம் ஒரு கொப்பியில் இருக்கவேண்டும். கணவன் இறந்து எட்டு முடியும் முன்பே கடன்காரர் வாசலுக்கு வரும்போது, வந்தவர் சொல்லும் தொகை சரியா என்று தெரியாமல் நிற்கும் மனைவிக்கு அந்தக் கொப்பி சாசனத்தைவிட முதலில் உதவும்.

உருத்திரபுரத்தில் காணி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அடுத்த காலபோக விதைப்புக்கு முன் கரைச்சிப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய் ஒரு கேள்வி கேட்கட்டும்: என்னுடைய காணிக்குப் பின்னுரித்தாளர் பதிவாகியிருக்கிறாரா, யார்? மனைவியையும் கூட்டிக்கொண்டு போகட்டும். பதிலை அவரும் கேட்கட்டும். ‘இல்லை’ என்று பதில் வந்தால், அல்லது பழைய பெயர் ஒன்று வந்தால், அதைத் திருத்தும் அதிகாரம் சட்டப்படி காணிக்காரர் ஒருவருக்கே உண்டு. அதுவும் அவர் உயிரோடிருக்கும்வரை மட்டுமே.